கோழி எருவும் நான்கு நாள் லீவும்

1

இந்தக் கதை கோழிப் பீயிலிருந்து பிறந்தது. அச்சில் வரும்போது ‘கோழி எரு’ என்று போடச் சொல்வார்கள், போடுகிறேன். ஆனால் பிறந்த இடத்தையே மறைக்கச் சொன்னால் என்னால் ஆகாது.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். இயற்கை விவசாயச் சிறப்பிதழ் போடுகிறார்களாம். காய்கறித் தோட்டம், எரு, கீரை என்று எதையாவது வைத்து ஒரு கதை வேண்டுமாம். கோலார் தங்க வயல் பின்னணி இருந்தால் விசேஷமாக இருக்கும், மண்வாசனையோடு, கொஞ்சம் இதமாக எழுதுங்கள் மேடம் என்றார். போன கதை சூடாக இருந்தது என்று யாரோ கடிதம் போட்டிருக்கிறார்கள். சரி, இதமாகவே தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட அன்று அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன், சத்தியமாக.

அந்த வாரமே என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருக்கிற தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் கருகிப்போயின. அதற்கு ஒரு பெண்ணைக் காரணம் சொன்னார்கள். எப்படி அவள் காரணம் என்று கேட்டு, பதில் தெரிந்தபோது எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆகவே இதம் கிடையாது. இதம் தேடுகிறவர்கள் நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள், முருங்கைக்கீரை சூப்பைப் பற்றி நிச்சயம் ஏதாவது இருக்கும்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். ஏன் அடித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

[முதல் தொடக்கம்: காலைக் கதிரவனின் பொன்னொளியில் ஷோபா தன் மெல்லிய கரங்களால் மண்ணை]

இதற்கு மேல் கை ஓடவில்லை. ஷோபாவின் கரங்கள் மெல்லியவை அல்ல. கடப்பாரை பிடித்து உள்ளங்கை காய்த்துப்போனவள். அவள் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

[இரண்டாம் தொடக்கம்: தங்கம் விளைந்த மண்ணில் இன்று தக்காளி விளைகிறது.]

இதை அடித்ததற்கு எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இந்த ஊரைப் பற்றி எவன் எழுதினாலும் தங்கத்தில்தான் ஆரம்பிக்கிறான். ஐயா, இந்த மண்ணில் தங்கம் விளையவில்லை. அது ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே பாறைக்குள் இருந்தது. மேலே எங்களுக்குக் கிடைத்தது சரளையும், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டி இடிந்துபோன லைன் வீடுகளின் செங்கல் துண்டும், காற்றடித்தால் சோற்றில் வந்து விழும், தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சைனைடு மேட்டு மணலும்தான். இதில் ஒரு முள்ளங்கி விளைய வேண்டுமானால் வண்டி வண்டியாக எரு போட வேண்டும். தலைப்புக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது.

[மூன்றாம் தொடக்கம்: ஷோபாவுக்கு நாற்பத்தொரு வயது. அவளுக்கு ஒரு தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பறிக்கப் பார்க்கிறார்கள்.]

இதை வைத்துக்கொள்கிறேன்.

(பெயர்கள் எல்லாம் மாற்றியவை. ‘ஷோபா’ என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். எந்த லைன் என்றும் சொல்ல மாட்டேன். தேடிக்கொண்டு வராதீர்கள்.)

3

தோட்டம் என்கிறேன், பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இடிந்துபோன ஒரு லைனின் வெற்றிடம், நாலு வீடு இருந்த அகலம். மூன்று பேர் சேர்ந்து கல் பொறுக்கி, வேலி கட்டி, பாத்தி போட்டார்கள்.

ஒருவர் தாமோதரன். எழுபதைத் தாண்டியவர், சுரங்கத்தில் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்தவர். சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப் போகிறது, இன்னும் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். இரண்டாவது ஆள் ஸ்ரீநிவாஸ், தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை, போனில் விவசாய வீடியோ பார்த்தே பாதி விவசாயி ஆகிவிட்டவன். மூன்றாவது ஷோபா. பெங்களூர் ரயிலில் போய் ஒரு கம்பெனியில் துணி மடிக்கிற வேலை பார்த்தவள், போக வரவே நாள் முடிந்துபோகிறது என்று அதை விட்டுவிட்டு இந்த மண்ணை நம்பி இறங்கியவள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் சாக்கை விரித்துக் கீரையும் தக்காளியும் விற்கிறாள். புருஷன் இன்னும் அந்த ரயிலில்தான் போய்வருகிறான். மற்ற இருவருக்கும் தோட்டம் பொழுதுபோக்கு. அவளுக்கு அது வேலை.

மூன்று பேர் ஒரு தோட்டத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது? வேறு ஊராக இருந்தால் பாத்தியைப் பங்கு போட்டிருப்பார்கள். இங்கே நாளைப் பங்கு போட்டார்கள். காலை ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஷோபா. மத்தியானம் செகண்ட் ஷிப்ட், மேஸ்திரி. பொழுது சாய்ந்தால் நைட் ஷிப்ட், ஸ்ரீநிவாஸ். சாயந்தரத்தைப் போய் நைட் என்கிறாரே என்று நான் கேலி செய்தேன். மேஸ்திரிக்கு அது கேலியாகவே படவில்லை, மூணு ஷிப்ட் இருந்தால் ஒன்று நைட்தானே என்றார்.

சுரங்கத்து ஷிப்டில் ஒரு சம்பிரதாயம் உண்டு. சார்ஜ் கொடுப்பது. வேலை முடித்து மேலே வருகிறவன், கேஜ் என்கிற சுரங்க லிப்டில் இறங்கப் போகிறவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவான். எந்த இடத்தில் மருந்து வைத்தோம், எது வெடித்தது, எது வெடிக்காமல் கிடக்கிறது, எங்கே கூரை சரியில்லை. சொல்லாமல் போனால் அடுத்த ஷிப்டில் பிணம் விழும். பாறையோடு மல்லுக்கட்டிய ஊர் கற்றுக்கொண்ட ஒழுக்கம் இது.

தோட்டத்தில் மேஸ்திரி ஸ்ரீநிவாஸுக்கு ஒழுங்காகச் சார்ஜ் கொடுத்தார். வேலியோரம் நின்று டீ குடித்தபடி, இன்றைக்கு இதைச் செய்தேன், நீ அதைச் செய் என்று பேசிக்கொள்வார்கள். என் ஜன்னலுக்கே கேட்கும். ஷோபாவுக்கு மட்டும் கிடையாது. அவள் போனபிறகுதான் மேஸ்திரி வருவார். அடுத்த வீட்டுப் பெண்ணோடு தோட்டத்தில் நின்று பேசினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். மரியாதையாம்.

இந்த மரியாதையால்தான் செடி செத்தது. அடுத்த பகுதியில் விளக்குகிறேன்.

4

(இது கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கேட்டதும் இதைத்தான், இந்த ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவாரோ என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.)

எரு என்றால் எல்லாம் ஒன்றல்ல. மாட்டுச் சாணம் சாது. மாதக்கணக்கில் குவித்து வைத்து மக்கவிட்டால் அள்ளி அள்ளிப் போடலாம், மண் இளகும், ஈரம் நிற்கும். எங்கள் சரளை மண்ணுக்கு அதைவிட நல்லது இல்லை. சாம்பலை எல்லா ஊரிலும் நல்லது என்பார்கள். இடிந்த வீட்டுச் சுண்ணாம்பு கலந்து கிடக்கிற இந்த மண்ணுக்கு அது கூடாது, கெடுதலோடு கெடுதல் சேரும். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் நல்ல தீனி, ஆனால் நீர்க்கக் கரைத்து எப்போதாவது ஊற்ற வேண்டும். தினமும் ஊற்றினால் செடிக்கு அஜீரணம்.

கோழி எரு இவை எல்லாவற்றையும் விடக் காரமானது. மக்கவைத்தால் தங்கம். மக்காமல் போட்டால் நெருப்பு. பண்ணையிலிருந்து வந்த சூட்டோடு வேரருகே புதைத்தால் வேர் வெந்துபோகும். முதலில் இலை ஓரம் காய்ந்த காகிதம் போலாகும், பிறகு தண்டு துவளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், அது செத்துக்கொண்டே இருக்கும்.

மக்கியதா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். குவியலுக்குள் கையை விடுங்கள், சுடக் கூடாது. மோந்து பாருங்கள், மூக்கில் ஏறக் கூடாது, மண் வாடைதான் வர வேண்டும். அப்படியும் சந்தேகமா? ஒரு டப்பாவில் அந்த எருவைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து நாலு வெந்தயத்தைத் தூவுங்கள். முளைத்துப் பச்சையாக நின்றால் போடலாம். இதெல்லாம் ரகசியம் இல்லை, எந்த விவசாய ஆபீஸில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் மூட்டையில் ‘ஆர்கானிக்’ என்று ஒரு வார்த்தை ஒட்டிவிட்டால் போதும், நம் ஜனங்களுக்குப் புத்தி மழுங்கிவிடுகிறது. இயற்கை என்றால் தீங்கே செய்யாதாம். எட்டிக்காய் கூட இயற்கைதான், தின்று பாருங்களேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்ரீநிவாஸ் பேத்தமங்களா சாலையில் இருக்கிற ஒரு கோழிப் பண்ணையிலிருந்து மூட்டை மூட்டையாக எருவைக் கொண்டுவந்து இறக்கினான். கண்ணில் நீர் வருகிற வாடை. லைன் முழுக்க ஜன்னலைச் சாத்தினோம். மூட்டைகளை மூலையில் அடுக்கியிருந்ததைக் காலையில் பார்த்த ஷோபா, சரி, மக்க வைத்திருக்கிறார்கள், அடுத்த போகத்துக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டாள். ஸ்ரீநிவாஸோ தன் ஷிப்டில் அதைப் பிரித்து, ஒவ்வொரு செடிக்கும் குழி தோண்டி, வேரோரம் வைத்து, மேலே மண்ணை மூடிவிட்டுப் போயிருந்தான். மேஸ்திரியிடம் சொன்னான். போடு, நல்லா ஏறும் என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு மத்தியான ஷிப்டில் புண்ணாக்குத் தண்ணீரை வேறு தினமும் ஊற்றினார். காலை ஷிப்டுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வாரம் திரும்புவதற்குள் மொத்தமும் கருகியது. காய் பிடிக்கத் தொடங்கியிருந்த தக்காளி. ஷோபா பாத்தி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

5

மேஸ்திரி அவள் வீட்டுக்கே வந்து பேசினாராம். வாசலில் நின்றபடி, மெதுவான குரலில், தலையைக் குனிந்துகொண்டு.

“தப்பா எடுத்துக்காதம்மா. அந்த நாளுங்கள்ல நீ தோட்டத்துக்கு வராம இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் ஷிப்ட்ட நானே பாத்துகினு இருந்திருப்பேன்.”

எந்த நாட்கள் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மாதவிலக்கு. தூரம். தீட்டு. அந்த நேரத்தில் பெண் தொட்டால் துளசி வாடும், கறிவேப்பிலை பட்டுப்போகும், ஊறுகாய் பூஞ்சை பிடிக்கும். பிடிக்குமா? என் அம்மா வைத்த ஊறுகாயைக் கேளுங்கள்.

வாடை தாங்காமல் ஜன்னலைச் சாத்திய லைன் இது. மூக்கு இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தத் தோட்டத்தில் என்ன வந்து இறங்கியது என்று தெரியும். அப்படியும் செடி கருகினதும் எருவை யாரும் பார்க்கவில்லை, அவள் சேலையைப் பார்த்தார்கள்.

இரண்டு நாளில் விஷயம் தீர்ப்பாகவே மாறிவிட்டது. மறுபடி நாற்று நடுவதற்கு முன்னால் ஒரு ஒழுங்கு வேண்டுமாம். தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு மாதம் நாலு நாள் லீவு. காரணம் கேட்க மாட்டார்களாம், என்ன பெருந்தன்மை பாருங்கள். எந்த நான்கு நாள் என்று முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் போதும். சம்மதமென்றால் அவள் பங்கு அவளுக்கு, இல்லையென்றால் பங்கு வேறு ஆளுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் லைன் கூடி முடிவு செய்யும்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு பெண் எழுபது வயது மனிதர் முன்னால் போய் நின்று, ஐயா எனக்கு இன்றைக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கீரை விதைக்கலாம்.

லைனில் சில பெண்களே, லீவுதானே கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு சும்மா படேன் என்று ஷோபாவிடம் சொன்னார்கள். இடுப்பு வலியோடு வேலைக்கு ஓடியவர்கள் சொல்வது அது, அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஷோபா அவர்களுக்குச் சொன்ன பதில் மட்டும் இங்கே இருக்கட்டும்.

“லீவுன்னா நான் கேக்கணும். அவங்களா குடுத்தா அது லீவு இல்ல, வெளிய நிக்க வெக்கிறது.”

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். மேஸ்திரி என்ற பாத்திரம் சரியாக வரவில்லை.

[தாமோதரன் தன் மீசையை முறுக்கிக்கொண்டு, ஆணவத்தோடு]

மீசையும் இல்லை, ஆணவமும் இல்லை. அடித்துவிட்டேன். அவர் கெட்டவராக இருந்தால் என் வேலை அரை நாளில் முடிந்திருக்கும். இந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பங்கு எதற்கு என்று லைனில் பேச்சு வந்தபோது, உழைக்கிற கைக்குப் பங்கு உண்டு என்று சொன்னவர் அவர்தான். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஷோபாவின் பாத்திக்கும் சேர்த்துக் குடம் சுமந்தவர். கருகிய செடிகளைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்தை எழுதுவதுதான் கஷ்டம். கெட்டவனை அடிக்கலாம், நல்லவரை என்ன செய்வது? அவர் எருவைச் சந்தேகப்படாததற்குக் காரணம்கூட எனக்குப் புரிகிறது. எரு என்றால் அவருக்குச் சாப்பாடு. சாப்பாடு போட்டு எப்படி ஒரு உயிர் சாகும்? ஆகவே காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். தேடினார். தேடத் தேட எதிரே நின்றது ஒரு பெண். அவர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. முடிந்தது.

புரிகிறது என்றேனே தவிர, மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆசிரியரே, இந்தப் பகுதியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இதமான கதை என்று போட்டுவிடாதீர்கள்.

ஸ்ரீநிவாஸைப் பற்றிக் கேட்கிறீர்களா? நேரில் போய்க் கேட்டேன். ஆர்கானிக்தானேக்கா, இன்னா ஆவும் என்றான். ஏண்டா, அவள்மேல் பழி போகிறதே, நீ போட்டதைப் பற்றி வாய் திறக்க மாட்டாயா என்றேன். பெரியவர் சொல்றாரு, நான் இன்னா சொல்றது என்று போனைப் பார்த்தான். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

7

ஸ்ரீநிவாஸைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயந்தரம் ஷோபா என் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்தோம். நான் கொதித்துக்கொண்டிருந்தேன், அவள் அமைதியாக இருந்தாள். ஒரே வாக்கியத்தில் இந்தக் கூத்தை முடித்துவிடலாமே, ஏன் சொல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டேன்.

அந்த வாக்கியம் இதுதான். ஷோபாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். லைனில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம், அவள் அப்படித்தான் சொல்லச் சொன்னாள். அவளுக்கு மாதவிலக்கு நின்றே இரண்டு வருஷமாகிறது.

புரிகிறதல்லவா? அவர்கள் சொல்கிற குற்றத்தை அவள் நினைத்தாலும் செய்ய முடியாது. குழாயடியில் எழுந்து நின்று இதைச் சொன்னால் மேஸ்திரி அங்கேயே வாயடைத்துப்போவார். கதையாகப் பார்த்தாலும் அருமையான திருப்பம். பேனா என் கையிலேயே துடித்தது, மறைக்க மாட்டேன்.

ஷோபா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“அத்தச் சொன்னா நான் தப்பிச்சுக்குவேன்க்கா. அப்பறம் மமதா?”

மமதா அவளுடைய மகள். பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூட லீவு நாளில் அம்மாவோடு வந்து களை எடுக்கிறவள். பெரிய மனுஷியாகி மூன்று வருஷம் ஆகிறது.

“எனக்கு இல்லன்னு சொன்னா, இருக்கிறவ தொட்டா செடி சாவும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆய்டும். சட்டம் அப்பிடியே நிக்கும், நான் மட்டும் வெளிய வந்துருவேன். என் பொண்ணு உள்ள மாட்டிக்குவா.”

நான் கதைக்குத் திருப்பம் தேடிக்கொண்டிருந்தேன், அவள் தன் மகளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதையிலாவது இதை எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். புஸ்தகம் எப்போது வரும் என்றாள். அடுத்த மாதம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தானே, அப்படியென்றால் எழுதுங்கள் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள், அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

8

மறுநாள் அவள் தன் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேலியோரம் நின்றாள். வெயில் ஏறியது. மேஸ்திரி வந்தார், அவள் நிற்பதைப் பார்த்துத் தூரத்திலேயே தயங்கினார். அவள் போகட்டும் என்று வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அவள் போகவில்லை. வேறு வழியில்லாமல் வந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

“சார்ஜ் குடுத்துட்டுப் போலாம்னு நிக்கிறேன் மேஸ்திரி” என்றாள். “காலையில நான் தண்ணி மட்டும் உட்டேன். கருகினதுங்கள புடுங்கி ஓரமா வெச்சிகீறேன். எருவு எதுவும் போடல. இப்ப நீங்க சொல்லுங்க. செடி சாவறதுக்கு முன்னால உங்க ஷிப்ட்ல இன்னா போட்டீங்க? நைட் ஷிப்ட்ல இன்னா போட்டாங்க?”

சார்ஜ் கேட்டால் சொல்லாமல் இருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. எத்தனை வருஷத்துப் பழக்கம். முதுகு தானாக நிமிர்ந்தது. பார்வை அவள் முகத்தைத் தாண்டி எங்கோ போனது. ஒப்பிக்கிற குரலில் சொன்னார்.

“செகண்ட் ஷிப்ட்டு, புண்ணாக்குத் தண்ணி, செடிக்கு ஒரு சொம்பு, தெனமும். நைட் ஷிப்ட்டு, கோழி எருவு, மக்காதது. வேரண்ட குழி தோண்டிப் பொதைச்சது.”

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். ஷோபா, ஓரமாக வைத்திருந்த ஒரு தக்காளிச் செடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வேர் கறுத்திருந்தது, மோந்து பார்த்தால் இன்னும் அதே வாடை அடித்திருக்கும். அவர் மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: “இது வேறம்மா. அது வேற.”

செடியைக் கீழே போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஷோபா வீட்டுக்குப் போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் நல்ல வசவாக வந்தது, அச்சில் ஏறாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

9

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்குக் குழாயடி. எனக்கு முடிவு தெரியாது, அதனால் தெரிந்த மாதிரி சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

[முடிவு ஒன்று: தாமோதரன் இரவெல்லாம் தூங்காமல் புரண்டார். விடிந்ததும் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கைகூப்பி, என்னை மன்னிச்சுடும்மா என்று]

நடந்தால் மாலை வாங்கிப் போடுகிறேன். நடக்கும் என்று நம்ப முடியவில்லை. ‘அது வேற’ என்று சொன்ன வாயை நான் பார்த்தேன்.

[முடிவு இரண்டு: கருகிய பாத்தியின் நடுவே, யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு பச்சைத் துளிர்]

இது ஆசிரியருக்குப் பிடிக்கும். அட்டைப் படமே போடலாம். அடப் போங்கய்யா. வெந்த வேரில் துளிர் வராது. எருவை வெளியே எடுத்து, மண்ணைப் புரட்டிப்போட்டு, தண்ணீர் பாய்ச்சிக் காரத்தை இறக்கி, மக்கிய சாணத்தைப் போட்டு, காத்திருந்து, புது நாற்று நட வேண்டும். அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை உள்ளே விடலாமா என்றுதான் நாளைக்குப் பஞ்சாயத்து.

[முடிவு மூன்று: ஷோபா எழுந்தாள். “எனக்குக் கர்ப்பப்பையே இல்ல” என்றாள். குழாயடி நிசப்தமானது. ஆண்கள் தலை குனிந்தார்கள்.]

மூன்றிலும் நன்றாக எழுத வந்தது இதுதான். உங்களுக்கும் இதுதான் பிடிக்கும், தெரியும். படித்ததும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, எனக்கும் வந்தது. பிறகு, அந்த நிசப்தத்தில் மமதா எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தேன். எல்லோர் கண்ணும் அடுத்து யார்மேல் திரும்பும் என்று யோசித்தேன். அடித்துவிட்டேன்.

10

நாளைக்கு நான் போகிறேன். வாடை அடித்தது, எல்லோரும் ஜன்னலைச் சாத்தினோம், என் மூக்கு பொய் சொல்லாது என்று சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஷோபா என்ன சொல்வாள் என்று அவளைக் கேட்டேன். லீவு வேண்டாம், பங்கை விட மாட்டேன், திங்கட்கிழமை காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வருவேன், பள்ளிக்கூடம் போகிறதுக்கு முன்னால் மமதாவும் வருவாள், எந்த நாளாக இருந்தாலும் வருவோம். இவ்வளவுதான் சொல்வாளாம். எதையும் நிரூபிக்கப் போவதில்லையாம். அப்படிச் சொன்னால் தோற்றுப்போவாய் என்றேன். தோத்தாலும் வேலியைத் தாண்டித்தான் போவேன் என்றாள்.

குழாயடியில் கை தூக்கச் சொல்வார்கள். எத்தனை கை எந்தப் பக்கம் எழும் என்று என்னால் எழுத முடியாது. இதற்கு மேல் எழுதினால் அது என் ஆசையாக இருக்கும், அல்லது என் பயமாக இருக்கும். ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். விடுவதற்கு முன்னால், கடைசிக்கு வைத்திருக்கிறேன் என்றேனே, அவள் சொன்ன அதைச் சொல்லிவிடுகிறேன்.

“எழுதுங்கக்கா. ஆனா ஆபரேசன் விசயத்தப் படிச்சிட்டு என் பக்கம் வர்றவங்க எனக்கு வேணாம்.”

நீங்கள் படித்துவிட்டீர்கள். எப்போது அவள் பக்கம் வந்தீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கடிதம் போட வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு குழாயடி இருக்கும், அங்கேயும் ஒருத்தி எதையும் நிரூபிக்க மாட்டேன் என்று நின்றுகொண்டிருப்பாள். அவளைப் பார்த்துக் கையைத் தூக்குங்கள், அல்லது தூக்காமல் இருங்கள்.